ரிமோட்டிலிருந்து மட்டைக்கு: உடற்கல்வி வகுப்பில் அசைவு விளையாட்டுகள்

நிண்டெண்டோவின் வீ என்ற வீடியோ கேம் கருவியின் ரிமோட்டைக் கையில் வாங்கிய பிள்ளை இரண்டாம் நாளே ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டினாலும் டென்னிஸ் பந்து வலையைத் தாண்டிவிடும். தோளைத் திருப்ப வேண்டாம், காலை நகர்த்த வேண்டாம். இந்தக் கருவிகளை வைத்து விளையாட்டுக் கற்பிக்கும் உடற்கல்வி ஆசிரியருக்குப் பாதி வேலை இந்த மணிக்கட்டு வித்தையோடு மல்லுக்கட்டுவதுதான்.

காரணம் கருவிக்குள்ளேயே இருக்கிறது. 2006-இல் வந்த ரிமோட்டில் கைவீச்சை அளக்க இருந்தது முடுக்கமானிதான். கை எவ்வளவு வெடுக்கென்று அசைந்தது என்பது அதற்குத் தெரியும். எந்தப் பாதையில் போய்வந்தது என்பது சரியாகத் தெரியாது. 2009-இல் ரிமோட்டில் மாட்டும் மோஷன் பிளஸ் என்ற துணைக்கருவி வந்தபோது சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் சேர்ந்தது. நிண்டெண்டோவின் பிந்தைய கருவியான சுவிட்சின் ரிமோட்டான ஜாய்-கானில் இரண்டும் உண்டு. ஆனாலும் டென்னிஸில் குறுக்குவழி அடைபடவில்லை. திரையில் இருப்பவர் பந்தை நோக்கித் தானே ஓடிக்கொள்கிறார். பந்து போகும் திசையை வீசும் நேரம் முடிவு செய்கிறது: வலக்கைக்காரர் தன் வலப்பக்கம் வரும் பந்துக்கு முந்தி வீசினால் இடப்பக்கம், பிந்தி வீசினால் வலப்பக்கம்.

ஆக, இந்த விளையாட்டு உண்மையாகக் கற்றுத் தருவது நேரத்தை. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. புதிதாக மட்டை பிடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பந்து உடம்பைத் தாண்டிய பிறகே வீசுவார்கள். மைதானத்தில் ஓர் அடி தவறினால் பந்தை எடுத்துவரவே அரை நிமிடம் போகும். திரையில் அதே அரை நிமிடத்தில் ஏழெட்டுப் பந்துகளைச் சந்திக்கலாம். 15, 30, 40, டியூஸ் என்ற கணக்கும் கரும்பலகை இல்லாமலே மனத்தில் ஏறிவிடும். எல்லார் முன்னிலும் தவறவிடக் கூச்சப்பட்டு ஓரமாக நிற்கும் பிள்ளைகள் முதலில் கையை நீட்டுவதும் இங்கேதான். இதற்காகவே இந்தக் கருவிக்கு வகுப்பில் இடம் கொடுக்கலாம்.

ஆனால் திரையில் வரும் புள்ளிக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது. ஆடும் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். அவர் திரையைப் பார்க்காமல் நண்பனின் உடம்பைப் பார்த்து மூன்றை மட்டும் குறிக்க வேண்டும்: வீசுமுன் தோள் பக்கவாட்டில் திரும்பியதா, எதிர்க்கால் முன்னே வந்ததா, வீசிய கை மறு தோள்வரை போய் முடிந்ததா. மூன்றும் சரியாக இருந்தால்தான் அந்த அடி கணக்கில் சேரும். இப்படிச் செய்தால் மணிக்கட்டு வித்தை தானாகவே குறையும்.

நாற்பது பேர், நாற்பது நிமிடம், நான்கு ரிமோட் என்றால் முறை வைத்து ஆடவிடுவது வீண். ஆளுக்கு அதிகபட்சம் நான்கு நிமிடம்தான் கிடைக்கும், மீதி நேரம் வரிசையில் நிற்பார்கள். எட்டெட்டுப் பேராக ஐந்து குழுக்களாக்கி, ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றலாம். திரை ஓரிடத்தில் மட்டும். மற்ற நான்கிலும் பலூன் தட்டுதல், சுவரில் பந்தடித்தல், கயிறு தாண்டுதல், குறுக்கோட்டம். திரையின் முன் நால்வர் ஆட, நால்வர் பார்த்துக் குறிப்பார்கள், பாதியில் மாறிக்கொள்வார்கள். நால்வர் ஆட்டமே நல்லது. இருவர் மட்டும் ஆடினால் முன்னால் நிற்பவரையும் பின்னால் நிற்பவரையும் ஒரே கை இயக்கும். முன்னவர் வீணாக வீசுவதும் பின்னவர் அடிப்பதும் ஒன்றாக நடந்து, நேரம் பற்றிய பாடமே குழம்பிப்போகும்.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தரையில் ஆளுக்கு இரண்டு மீட்டர் சதுரம் சாக்பீஸால் வரைய வேண்டும். மின்விசிறிக்கு நேர்கீழே யாரும் நிற்கக் கூடாது. ஸ்மாஷ் அடிக்க உயரும் கை அதைத் தொட்டுவிடும். வெறும் சாக்ஸ் காலோடு ஆட விடக் கூடாது. மணிக்கட்டு வார் கட்டாயம்: 2006 டிசம்பரிலேயே நிண்டெண்டோ ஏறத்தாழ 32 லட்சம் வார்களுக்குப் பதிலாகத் தடித்த வார் தர நேர்ந்தது. வியர்த்த கையிலிருந்து ரிமோட் பறந்தால் முதலில் உடைவது திரை. ஜன்னல் வெயில் பட்டால் வீ மெனுவில் சுட்டி துள்ளும், ஏனென்றால் ரிமோட் தேடுவது அகச்சிவப்பு ஒளியை. ஆனால் டென்னிஸ் வீச்சை அது பாதிக்காது. அதிகம் ஏமாற்றுவது புரொஜெக்டர்தான். வலக்கைப் பிள்ளைகள் எல்லாரும் தம் வலப்பக்கம் அடிக்கும் பந்து வலப்பக்கமே போனால் குறை அவர்களிடம் இல்லை. படம் தாமதமாக வருகிறது. தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடுக்கு மாற்றி, சரிந்த படத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தத்தை அணைத்து, புரொஜெக்டரையே நேராக வைத்தால் சரியாகிவிடும்.

இனி மட்டை. ஜாய்-கான் ஏறத்தாழ 50 கிராம். பெரியவர்களின் டென்னிஸ் மட்டை 300 கிராம் அளவில் இருக்கும், நீளம் 27 அங்குலம். எடையைவிட நீளமே அதிகம் இடறும். ரிமோட்டில் பழகிய பிள்ளைக்குப் பந்து கையில்தான் படுகிறது. மட்டையில் அது கையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி தள்ளிப் படும். அதனால் முதல் பந்துகளைக் கிட்டே விட்டு, கைப்பிடியிலேயே வாங்கிக்கொள்வார்கள். படியாகத்தான் நகர வேண்டும். முதலில் உள்ளங்கையால் பலூன், பிறகு டேபிள் டென்னிஸ் மட்டையால் ஸ்பான்ஜ் பந்து. அதன்பின் டென்னிஸ் மட்டையின் கழுத்தைப் பிடித்து அடிப்பது. பத்தில் ஏழு சரியாகப் பட்டால் பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்குவது. ரிமோட்டில் மாட்டும் பிளாஸ்டிக் மட்டைகள் வாங்க வேண்டாம். அவை நீளத்தைக் கூட்டினாலும் பந்து படும் உணர்வைத் தருவதில்லை, பக்கத்தில் நிற்பவர்மேல் இடிக்கவும் செய்யும்.

நேராக மைதானத்துக்குக் கொண்டுபோகக்கூடியது பவுலிங். கையை ஊசல்போலப் பின்னே கொண்டுபோய் முன்னே வரும்போது பொத்தானை விட வேண்டும். பின்வீச்சிலேயே விட்டால் வீ ஸ்போர்ட்ஸ் என்ற வீ விளையாட்டுத் தொகுப்பில் பந்து முதுகுக்குப் பின்னே உருளும். மணிக்கட்டு திரும்பினால் பந்து வளையும். கீழ்க்கை எறிதலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளும் இவைதான். ஆறு தண்ணீர் பாட்டிலும் ஒரு ரப்பர் பந்தும் இருந்தால் மறுநாளே தாழ்வாரத்தில் தொடரலாம்.

ஓட்டத்துக்கு இது மாற்று ஆகாது. வீ விளையாட்டில் செலவாகும் ஆற்றல் உட்கார்ந்து ஆடும் வீடியோ கேமைவிட அதிகம், அசல் விளையாட்டைவிடக் குறைவு என்று 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வே காட்டியது. மழைநாளுக்கு வைத்துக்கொள்ளலாம், புது விளையாட்டை அறிமுகம் செய்யும் முதல் நான்கு வகுப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்தாவது வகுப்பில் ஆளுக்குப் பத்துப் பந்து, வெளியே, கையால் போட்டுக் கொடுத்து எண்ண வேண்டும். ஐந்துகூடப் படவில்லை என்றால் அந்தப் பிள்ளை மறுபடி போக வேண்டியது பலூனுக்கு, திரைக்கு அல்ல.