சென்னை இல்லங்களும் கோவைப் பிள்ளைகளும்

சென்னை மாநகரின் குழந்தைகள் இல்லங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றை நிறுவியவர்களின் கருணையிலிருந்தே தொடங்குகிறார்கள். கோயமுத்தூரில் இருந்துகொண்டு அந்த வரலாற்றைப் படிக்கும் எனக்கோ, அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து, யாரைப் பிரிந்து வந்தார்கள் என்பதுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

எழும்பூரில் 1789-இல் தொடங்கப்பட்ட ஆண்பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தில், ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்த சிறுவர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பலருக்குத் தாய் உயிரோடுதான் இருந்தாள்; ஆனால் அந்தத் தாயின் பழக்கவழக்கங்கள் பிள்ளையிடம் ஒட்டிவிடக் கூடாது என்பதே இல்லத்தை நடத்தியவர்களின் எண்ணமாக இருந்தது. அதன் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். தேறிய சிறுவனே மற்றவனுக்குப் பாடம் சொல்லும் முறையையும் வளர்த்தெடுத்து, 1797-இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளெங்கும் பரவியது. திண்ணையின் மணலுக்கு இடம் கொடுத்த அந்த இல்லத்தில் தாய்க்கு மட்டும் இடம் இல்லாமல் போனது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

1876–78 தாது வருடப் பஞ்சம் சேலத்தையும் கோவையையும் கடுமையாக வாட்டியபோது, மிஷனரிகள் மாகாணத்தின் பல ஊர்களில் அனாதை விடுதிகளைத் திறந்தனர். அடுத்து வந்தது பிளேக். கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பது அந்தக் கொள்ளைநோய் எங்கள் ஊரில் விட்டுச்சென்ற அச்சத்தின் அடையாளமே. அந்நோயில் கோவைக் குடும்பம் ஒன்றின் பெரியவர்கள் அனைவரும் மாண்டுபோக, எஞ்சிய பிள்ளைகளின் நிலையறிந்து மனம் வருந்திய, ராமகிருஷ்ணரின் சீடரான சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அந்தப் பிள்ளைகளைத் தம் பொறுப்பில் ஏற்றார். மயிலாப்பூரில் 1905-இல் உருவான ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லத்தின் தொடக்கம் இதுதான். சென்னையின் புகழ்பெற்ற இல்லம் ஒன்றுக்குக் கோவைப் பிள்ளைகளின் துயரமே காரணமாக இருந்தது என்பதை எங்கள் ஊரில் அறிந்தவர்கள் குறைவு. உற்றார் எவருமற்ற பிள்ளைக்கு இல்லமே வீடாவதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

1920-இல் வந்த சென்னை மாகாணச் சிறுவர் சட்டம், இந்தியாவில் அவ்வகையில் முதலாவது; ஆதரவற்ற பிள்ளைகளையும் குற்றம் செய்த பிள்ளைகளையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் 1949-இல் தியாகராய நகரில் பாலமந்திர் வந்தது. இவர்களின் தொண்டு பெரிது. ஆனால் இவர்களைப் பார்த்துத் தமிழகமெங்கும் முளைத்த இல்லங்கள் எல்லாம் அந்தத் தரத்தில் நடக்கவில்லை. 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த, தமிழ்நாட்டு இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றிய வழக்கில் தீர்ப்பு வர 2017 வரை ஆனது. அதற்குள் எத்தனை பிள்ளைகளின் சிறுபிராயம் முடிந்துபோயிருக்கும்!

கோவைக்கு வெளியே ஒரு சிறிய இல்லத்துக்கு நான் போய்வருவதுண்டு. வாசலில் காலை, மதிய, இரவு உணவுக்கான நன்கொடைத் தொகைகளை எழுதிய பலகை; உள்ளே பெயர் எழுதி ஒட்டிய டிரங்குப் பெட்டிகள். பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு போட வருகிறவர்களின் முன்னால் பிள்ளைகள் கைகூப்பி வரிசையாக நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை. அங்குள்ளவர்களில் பலருக்கு அம்மா இருக்கிறார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “அவங்கப்பா போனதுக்கப்புறம் ஒண்டியாளுங்க. நைட் ஷிப்டுக்குப் போனா புள்ளைய யாருகிட்டங்க விடறது?” அவருக்கு என்னிடம் பதில் இல்லை.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்க வேண்டிய முடிவு என்கிறது; ஆதரவின்றிக் கண்டெடுக்கப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவில், குடும்பத்தோடு இருந்து வளரும் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கணவனை இழந்த தாயின் பிள்ளைகளும் வருமான வரம்புக்கு உட்பட்டு இதைப் பெறலாம். ஆனால் இல்லத்தின் முகவரி தெரிந்த அளவுக்கு இந்தத் திட்டம் எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்குத் தெரிவதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டும் அன்பர்கள், அந்தப் பிள்ளையின் தாயை ஒரு நாள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அழைத்துச் சென்று விண்ணப்பம் எழுதிக்கொடுத்தால், அடுத்த கல்வியாண்டுக்குள் சில பெட்டிகளாவது ஊர் திரும்பும்.