கரண்ட் வந்த பிறகு பின்னுக்குப் பறந்த விமானம்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வரும் சென்னை விமானத்தின் பாதை அன்று எங்கள் திரையில் தையல் போட்டதுபோல் வந்தது. காங்கேசன்துறைக்கு மேலே ஒரு புள்ளி, அடுத்தது கடலுக்கு அப்பால் இந்தியக் கரையில் கோடியக்கரைப் பக்கம், மறுபடி காங்கேசன்துறை. பக்கத்தில் நின்ற அப்பா, "தம்பி, உது திரும்பிப் போகுதே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

விமானங்கள் ஏடிஎஸ்-பி முறையில் தங்கள் இடம், உயரம், வேகத்தை 1090 மெகாஹேர்ட்ஸில் சொல்லிக்கொண்டே பறக்கின்றன. இடத்தை நொடிக்கு ஏறத்தாழ இரண்டு தடவை சொல்லும். அதைக் கேட்க ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்றும் யுஎஸ்பி ரேடியோ ஒன்றும் போதும். கோண்டாவிலில் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒன்று, பருத்தித்துறையில் நண்பன் வீட்டில் ஒன்று வைத்தோம். குடாநாட்டில் மலை இல்லை, பனையைத் தாண்டி அன்ரனாவை உயர்த்திவிட்டால் அடிவானம் வரை வெளி. 35,000 அடியில் போகிற விமானத்தை 400 கிலோமீற்றருக்கு அப்பாலும் பிடிக்கலாம் என்பது கணக்கு.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத்தான் கிளவுட். வீட்டு இன்ரர்நெற்றுக்கு நிலையான முகவரி இல்லாததால் வெளியிலிருந்து உள்ளே நுழைவது கஷ்டம். ஆகவே இரண்டு பெட்டிகளும் தாமாக மும்பையில் உள்ள ஒரு சின்ன சேர்வருக்கு எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாகத் தாங்கள் பிடித்ததை அனுப்பும். சேர்வர் ஏற்றுவது ஒரு பின்னேர வேலை, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

என்னை மூன்று நாள் அலைக்கழித்தது அந்தத் தையல்தான். முதலில் அன்ரனாவைச் சந்தேகித்தேன், பிறகு நண்பனின் பெட்டியை. கடைசியில் இரு பெட்டிகளின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோது, ஒரே செய்தி, 112 பிட்டும் அச்சொட்டாக ஒன்றே, நேரம் மட்டும் 11 நிமிடம் வித்தியாசம். பின்தங்கியது என்னுடையது.

விமானம் அனுப்பும் அந்தச் செய்திக்குள் எத்தனை மணிக்கு அனுப்பியது என்பது கிடையாது. பிடிக்கிற பெட்டிதான் நேரத்தைக் குத்த வேண்டும். என்னிடமிருந்த ராஸ்பெரி பையில் பற்றரிக் கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்தால், கடைசியாக எழுதி வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும், இணையத்தில் சரியான நேரம் கிடைக்கும்வரை. அன்று கரண்ட் வந்தும் ரவுட்டர் எழும்ப நேரமெடுத்தது. அதற்குள் பிடித்ததையெல்லாம் பழைய நேரம் குத்தி அடுக்கி வைத்து, இணைப்பு வந்ததும் மொத்தமாக மும்பைக்குத் தள்ளிவிட்டது. சேர்வர் நேர வரிசையில் கோடு கீறியது. அதன் பிழை இல்லை.

டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை நாலு வயரில் பூட்டினேன், நாணயப் பற்றரியோடு. நேரம் சரியென்று உறுதியாகாமல் ஒரு செய்தியும் பதியக்கூடாது என்று நிரலையும் மாற்றினேன். செய்தி தொலையாமலிருக்க எம்க்யூடிடியில் 'குறைந்தது ஒரு தடவை' என்ற முறையை வைத்திருந்ததால், சில செய்திகள் இரண்டாகவும் வந்தன. பெட்டியின் பெயரும் நேரமும் செய்தியும் ஒன்றாயிருந்தால் ஒன்றை விடும்படி சேர்வரில் எழுதினேன்.

பிறகு, சென்னை விமானம் கடலுக்கு மேலே வரும் நேரம் பார்த்து மெயின் சுவிட்சை அணைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டா. பத்து நிமிடம் கழித்துப் போட்டேன். ரவுட்டர் எழும்பியது, தேங்கியிருந்தவை போய்ச் சேர்ந்தன. கோடியக்கரையிலிருந்து பலாலி வரை கோடு நேராக இருந்தது. உடனே நண்பனுக்கு எடுத்தேன்: "மச்சான், நாளைக்கு உன்ர பெட்டிக்கும் பூட்டுவம்."