ஹான்லே: தொலைநோக்கி அங்கே, அதை இயக்குகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்தில்

முதலில் டிரைவர் கதையைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. லடாக்கில் லேயிலிருந்து, வானாய்வகம் இருக்கிற ஹான்லே கிராமத்துக்குப் போய்வர இரண்டு நாளைக்கு ஒரு தொகை பேசினோம். லோமா சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ரோடு மோசம், ராத்தங்கல், குளிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொல்லி 4,000 ரூபாய் ஏற்றிவிட்டார். இறங்கி வேறு வண்டி பிடிக்கலாமென்றால் கண்ணுக்கெட்டியவரை காட்டுக் கழுதைகள்தான் மேய்கின்றன. ராத்தங்கல் படியும் சேர்த்துத்தான் வாடகை என்று லேயிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து போகாவிட்டால் கட்டுப்படியாகாது.

வானாய்வகம் இருக்கிற சரஸ்வதி மலை 4,500 மீட்டர் உயரம். பத்துப் படி ஏறினால் நெஞ்சு பட்டறைத் துருத்தி மாதிரி அடிக்கிறது. லேயில் இரண்டு நாளாவது சும்மா கிடந்துவிட்டுப் போங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பகலில் குவிமாடத்தைப் பார்க்க விட்டார்கள். உள்ளே இருப்பது 2 மீட்டர் ஆடி கொண்ட இமாலய சந்திரா தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, வானியற்பியலில் நோபல் வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். இரவில் விஞ்ஞானிகள் இங்கே வந்து கண்ணை வைத்துப் பார்ப்பார்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். பெங்களூருக்குப் பக்கத்து ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்களாம். ஹோஸ்கோட்டே! ஓசூரில் என் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். இதற்கா விமானம், டாக்சி, தலைவலி மாத்திரை?

ஆனால் மலையை ஓசூருக்குக் கொண்டுவர முடியாதே. காற்றில் ஈரப்பசையே இல்லை. விண்ணிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழுங்குவது காற்றிலுள்ள நீராவிதான். மழை இல்லை, ஊர் வெளிச்சம் இல்லை. கீழே 21 மீட்டர் குறுக்களவில் மேஸ் என்ற தொலைநோக்கி, நூற்றுக்கணக்கான கண்ணாடிப் பலகைகளோடு நிற்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர் (மிக அதிக ஆற்றல் கொண்ட ஒளி) வளிமண்டலத்தில் மோதும்போது நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே மின்னும் நீல ஒளியைப் பிடிக்கிறதாம்.

சாப்பாடு? தங்கிய வீட்டில் ராத்திரி ஸ்க்யூ. கோதுமை மாவைக் கட்டைவிரலால் அழுத்தி, கிழங்கும் கீரையும் போட்டுக் கொதிக்கவிட்டது; பிடி கொழுக்கட்டையைக் குழம்பில் போட்ட மாதிரி. மூன்று கிண்ணம். படுக்கை, சாப்பாடு எல்லாம் சேர்த்து தலைக்கு 1,500 ரூபாய். இந்தப் பயணத்தில் மனமாரக் கொடுத்த காசு அது ஒன்றுதான்.

2022-இல் இந்த வட்டாரத்தை, இரவு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி வானத்தை இருட்டாகவே காக்கும் இருண்ட வான் காப்பகமாக அறிவித்து, கிராமத்து ஆட்களுக்கே தொலைநோக்கி கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு அக்கா முற்றத்தில் வைத்து ஆண்ட்ரோமீடா என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தைக் காட்டினார். 25 லட்சம் வருஷம் பயணம் செய்து வந்த வெளிச்சம்! அமாவாசையை ஒட்டிப் போங்கள். பால்வீதி மேகம் மாதிரியே இருக்கிறது, நான் முதலில் மேகம் என்றே திட்டினேன்.

அப்புறம் நடுராத்திரி. வண்டி உறைந்துவிடும் என்று நம்ம டிரைவர் இன்ஜினைக் கிளப்பி, ஹெட்லைட்டையும் முழுசாகப் போட்டார். கேமரா வைத்திருந்த பத்துப் பதினைந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். எனக்கு 4,000 ரூபாயில் பாதி திரும்பிவந்த மாதிரி இருந்தது.