பசுமைப் பள்ளி: தணிக்கையைத் தவிர்க்காதீர்கள்

பள்ளிகளைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தவையாக மாற்ற 1994இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஈகோ-ஸ்கூல்ஸ் திட்டத்துக்கு ஏழு படிகள். முதலில் மாணவர் குழு, அடுத்து தணிக்கை, அதாவது பள்ளியின் மின்சாரம், தண்ணீர், குப்பையைக் கணக்கெடுப்பது. இதை நம் பள்ளியில் எடுத்தாளும்போது அந்தத் தணிக்கையைக் கைவிட்டுவிடாதீர்கள். 12 மாத மின்கட்டண ரசீதுகள், காலையும் மாலையும் தண்ணீர் மீட்டர் அளவு, 5 நாள் குப்பையின் எடை வகைவாரியாக. இவ்வளவு போதும்! பூட்டிய பள்ளியில் இரவு மீட்டர் ஓடியிருந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த எண்களைக் கணக்குப் பாடத்தின் சராசரி, விழுக்காட்டோடு சேருங்கள். தனிப் பாடவேளை கேட்டால் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது அதுதான். இந்தோனேசியாவின் பசுமைப் பள்ளித் திட்டமான அடிவியாத்தா (2006) பாடத்திட்டத்தையும் சேர்த்தே மதிப்பிடுவது எனக்குப் பிடித்த அம்சம்.

பொறுப்பாசிரியர் இருவராவது வேண்டும். ஒருவரே என்றால், அவர் மாறுதலானதும் வேலை நின்றுவிடும். மரக்கன்றை, நீண்ட விடுமுறையில் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று முடிவான பிறகு நடுங்கள்.