திருகோணமலையில் ஒரு ஃபுல்பேக் வழக்கு

கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும் ஆனி மாதத்தில் திருகோணமலைக்குப் போகிறவர்கள் கோணேசர் கோயிலையும் புறாமலைத் தீவையும் மனத்தில் வைத்தே புறப்படுவார்கள். நாங்களும் அப்படித்தான் புறப்பட்டோம். ஆனால் 2024 ஜூன் 26 அன்று ஒஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்கள் மோதும் றக்பி லீக் தொடராகிய ஸ்டேட் ஒஃப் ஒரிஜினின் இரண்டாவது ஆட்டம் மெல்பேர்னில் நடக்கவிருந்தது. எங்கள் சிட்னிக் கழகமான பென்ரித் பாந்தர்ஸ் அணியின் ஃபுல்பேக், அதாவது எல்லோருக்கும் பின்னால் நிற்கும் கடைசிக் காவலர், டிலான் எட்வர்ட்ஸ் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நீலச் சட்டையுடன் முதன்முறையாகக் களமிறங்கும் நாள் அது. ஆகவே அந்தப் பயணத்தில் எந்த இடத்தைப் பார்த்தாலும், எதைச் சாப்பிட்டாலும், பேச்சு அவரிடமே போய் முடிந்தது.

சிட்னியின் மேற்கே வாழும் தமிழர்களில் கணிசமானோர் பரமட்டா அணியின் பக்கம் நிற்பவர்கள். இன்னும் மேற்கே, பென்ரித்துக்குப் பக்கத்தில் குடியேறிய எங்கள் குடும்பம் பாந்தர்ஸ் பக்கம் வந்துவிட்டது. மாமா, அவருடைய மகனாகிய மச்சான், நான் ஆகிய மூவரும் கண்டியிலிருந்து வானில் புறப்பட்டு, ஹபரணை தாண்டிக் கந்தளாய்க் குளத்தருகே இறங்கித் தேநீர் குடித்தபோதே வழக்கு தொடங்கிவிட்டது. எட்வர்ட்ஸுக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் கட்சி. அவரை வேண்டிய அளவு எல்லோரும் மதித்தாயிற்று, இனியும் அந்தப் பழைய குறையைப் பாடக்கூடாது என்பது மச்சானின் கட்சி. மாமாவோ ஒரு படி மேலே போய், நல்ல அணியில் இருப்பதால்தான் அவர் நன்றாகத் தெரிகிறார் என்றார். ஒரே அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற மூன்று பேரும் இந்த ஒரு மனிதரில் மட்டும் மூன்று திசையில் நின்றோம்.

உப்புவெளியில் மாமியின் வீட்டில் தங்கினோம். மாமியின் மகன் கண்டியில் படித்த காலத்தில் பதினைந்து பேர் ஆடும் றக்பி ஆடியவர். இலங்கையில் றக்பி என்றால் அதுதான். பதின்மூன்று பேர் ஆடும் லீக் ஆட்டத்தை அவர் முழுமையாகப் பார்த்ததில்லை. "அங்கே ஃபுல்பேக்குக்குப் பதினைந்தாம் இலக்கம் அண்ணா, உங்களுடையதில் ஏன் ஒன்றாம் இலக்கம்?" என்று கேட்டார். இலக்கம் மட்டுமல்ல, வேலையும் வேறு என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. லீக்கில் ஓர் அணிக்கு ஆறு டேக்கிள்கள்தான், அதாவது பந்தோடு ஆறு முறை மறித்து வீழ்த்தப்படும் வரைதான் பந்து அவர்களிடம். ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கிறார்கள். உதைத்த பந்து உயர எழும்பும், அல்லது தரையில் உருண்டு மூலைக்கு ஓடும். இரண்டையும் எதிர்பார்த்துப் பின்னால் தனியே நிற்பவர் ஃபுல்பேக். அவர் பந்தைப் பிடித்து எவ்வளவு தூரம் முன்னே கொண்டுவருகிறாரோ, அந்த இடத்திலிருந்துதான் அவருடைய அணியின் அடுத்த ஆறு டேக்கிள்கள் தொடங்கும். பத்து மீற்றர் கூடுதலாக ஓடினால், களைத்துப்போன முன்வரிசை வீரர்களுக்கு அந்தப் பத்து மீற்றர் மிச்சம். எதிரணி தாக்கும்போது அவர் தடுப்பு வரிசையின் பின்னால் இடமும் வலமுமாக ஓடி, எந்தப் பக்கம் ஆள் குறைகிறது என்று கத்திச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வரிசையை உடைத்துக்கொண்டு ஒருவன் வந்துவிட்டால் கடைசியில் அவனை மறிக்க வேண்டியவரும் அவரே. இவ்வளவையும் செய்துவிட்டு, தன் அணி தாக்கும்போது பந்து எங்கே போகிறதோ அங்கே கூடுதல் ஆளாகப் போய் நிற்கவும் வேண்டும்.

மறுநாள் காலையில் பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, நிழலில் படுத்திருந்த மான்களைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறினோம். ஏற்றத்திலேயே மாமா தன் வாதத்தை எடுத்து வைத்தார். மான்லி அணியின் டொம் ட்ரபோயெவிச் 2021இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான டலி எம் பதக்கத்தை வாங்கினார், ஜேம்ஸ் டெடெஸ்கோ 2019இலும் கலின் பொங்கா 2023இலும் அதே பதக்கத்தை வாங்கினார்கள், மூவரும் ஃபுல்பேக்குகள். அவர்கள் தனி ஒருவராக ஆட்டத்தைத் திருப்புகிறவர்கள். எட்வர்ட்ஸ் ஓடுகிறார், பிடிக்கிறார், மறிக்கிறார். ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்கிறாரா? மாமாவின் கேள்வி நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. சுவாமி மலையின் விளிம்பில், இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது மச்சான் குறுக்கிட்டார்: "2022 கழகங்களின் இறுதியாட்டத்தில் பரமட்டாவை 28–12 என்று அடிச்ச நேரம் கிளைவ் சேர்ச்சில் பதக்கம் ஆருக்குக் கிடைச்சது, அப்பா? எட்வர்ட்ஸுக்குத்தானே? பிறகென்ன மதிப்புக் குறைவு?"

அந்தப் பதக்கத்தின் பெயரே என் பக்கத்துச் சான்று என்று நான் நினைக்கிறேன். கிளைவ் சேர்ச்சில் சவுத் சிட்னி அணியின் ஃபுல்பேக். பின்னால் நின்று காப்பவர் முன்வந்து தாக்கவும் முடியும் என்று ஆடிக் காட்டியவர். இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கு அவர் பெயரால் 1986 முதல் பதக்கம் கொடுக்கிறார்கள். அதை வென்ற பிறகும் எட்வர்ட்ஸ் மாநில அணிக்குள் நுழைய 2024 வரை, இருபத்தெட்டு வயது வரை காத்திருந்தார். பென்ரித்துக்காக முதல் ஆட்டம் ஆடியது 2016இல். இடைப்பட்ட காலத்தில் மாநில அணியின் ஃபுல்பேக் இடம் டெடெஸ்கோவுடையது. 2024இல் ஒரிஜின் தொடரின் முதல் ஆட்டத்துக்கு எட்வர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தும் தொடைக் காயத்தால் அவர் விலக, மறுபடியும் டெடெஸ்கோவையே அழைத்தார்கள். சிறந்த ஃபுல்பேக்குகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னால் பென்ரித் இரசிகர்களே அவரை மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் சொல்கிறார்கள். எங்கள் வெற்றிகளைப் பேசும்போது ஆட்டத்தை நடத்தும் நேதன் கிளியரியின் உதைகளைப் பேசுகிறோம், அவர் தந்தை ஐவன் கிளியரியின் பயிற்சியைப் பேசுகிறோம். அந்த உதைகளுக்கு இடம் அமைத்துத் தந்த ஓட்டங்களை யாரும் பேசுவதில்லை.

அன்று நண்பகலுக்கு முன் உப்புவெளிக் கடற்கரையில், மாமியின் மகன் கொண்டுவந்த பந்தை வைத்து இதைக் கொஞ்சம் சோதித்தும் பார்த்தோம். கச்சான் காற்று வீசும் காலம். தரையிலிருந்து கடலை நோக்கி வரும் அந்தக் காற்றில், மச்சான் உயர உதைத்த பந்து எழும்பும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது இன்னொரு பக்கமுமாகச் சாய்ந்தது. மாமியின் மகன் கெட்டிக்காரர். பந்து விழும் இடத்துக்கு முன்னமே போய் நின்று, முழங்கையை ஒட்டி வைத்து, மார்போடு அணைத்துப் பிடித்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் நின்றுதான் பிடித்தார். "இனி ஓடி வந்து பிடி, பிடிச்ச வேகத்திலேயே முன்னால போ" என்று மச்சான் சொன்னதும் நிலைமை மாறியது. கண் பந்தில் இருக்கிறது. கால் மணலில் புதைகிறது. எதிரே இரண்டு பேர் பாய்ந்து வருகிறார்கள். பந்து அவர் விரல் நுனியில் பட்டுத் தெறித்து ஈர மணலில் உருண்டது. எட்வர்ட்ஸ் ஆட்டத்துக்கு ஆட்டம் செய்வது இந்த இரண்டாவது வேலை. அதைத் தவறவிடாமல் செய்வதால்தான் அது கண்ணில் படுவதில்லை. சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றில் கை வைக்காமல் கரையில் நடந்தபடி, எந்தப் பக்கம் தளர்கிறது என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்த முதியவரை மாமாவுக்குக் காட்டினேன். அவர் இல்லாவிட்டால் இத்தனை பேர் இழுத்தும் வலை கோணிவிடும் என்பதை மாமா உடனே ஒத்துக்கொண்டார். எட்வர்ட்ஸைப் பற்றி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

மெல்பேர்னில் இரவு எட்டு மணிக்குப் பிறகு தொடங்கும் ஆட்டம் திருகோணமலையில் பிற்பகல் மூன்றரைக்கே வந்துவிடும். மாமி சமைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தோம். மாமியின் மகனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன்: பந்தைப் பார்க்காதே, ஒன்றாம் இலக்கத்தை மட்டும் பார். அது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் விளங்கியது, ஏனென்றால் கமராவும் பந்தின் பின்னாலேயே போகிறது. பந்து உதைக்கப்பட்டு வானில் இருக்கும் அந்தச் சில நொடிகளில் ஃபுல்பேக் எங்கிருந்து ஓடி வந்தார் என்பது திரையில் இல்லை. பிடிக்கிற கணத்தில்தான் அவர் தெரிகிறார். தொலைக்காட்சியில் மட்டும் பார்த்து ஃபுல்பேக்குகளைத் தரம் பிரிக்கும் எங்களைப் போன்றவர்கள், அவர்களுடைய வேலையின் பாதியைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறோம். பென்ரித்தில் கூரையில்லாத பக்கத்து இருக்கையிலிருந்து எட்வர்ட்ஸைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பந்து அவரிடம் இல்லாத நேரத்தில்தான் அவர் அதிகம் ஓடுகிறார்.

இடைவேளையின்போது நியூ சவுத் வேல்ஸ் 34–0 என்று முன்னிலையில் இருந்தது. முடிவில் 38–18. மச்சானுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மாமா, "இப்படி ஒருபக்க ஆட்டத்தில் ஆரைப் பின்னால விட்டாலும் நல்லாய்த்தான் தெரிவார்" என்றார். அதில் உண்மை உண்டு. ஃபுல்பேக்கை அளக்க வேண்டியது அணி நெருக்கப்படும் நாளில். 2023 கழக இறுதியாட்டத்தில் பிரிஸ்பேன் அணிக்கு எதிராக 24–8 என்று பின்தங்கிய பென்ரித், 26–24 என்று வென்றது. அந்த மீட்சிக்கான பெயரும் பதக்கமும் கிளியரிக்குப் போயின; போக வேண்டியதுதான். ஆனால் பதினாறு புள்ளி பின்னால் இருக்கும் அணிக்கு இன்னொரு ட்ரை கொடுக்க, அதாவது எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்க விட, கட்டுப்படியாகாது. அந்த நேரத்தில் கடைசிக் காவலாக நின்றவரின் பெயரை, ஆட்டம் முடிந்த இரவில் எங்கள் வீட்டில்கூட ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் நிலாவெளியில் படகேறிப் புறாமலைக்குப் போய் வந்தோம். பவளப்பாறைகளும் நிறமீன்களும் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். திரும்பிச் சிட்னிக்கு வந்தபின், ஜூலை 17 அன்று பிரிஸ்பேனில் நடந்த மூன்றாவது ஆட்டத்தை மாமா வீட்டில் பார்த்தோம். அது மாமா கேட்டிருந்த மாதிரியான ஆட்டம். புள்ளிகள் எளிதில் வராத, ஒவ்வொரு உதையும் கனக்கிற ஆட்டம். எதிரணியின் சொந்த மண்ணில் நியூ சவுத் வேல்ஸ் 14–4 என்று வென்று தொடரைக் கைப்பற்றியது. குயின்ஸ்லாந்துக்கு நான்கே புள்ளிகள். ஒக்டோபரில் கழக இறுதியாட்டத்தில் மெல்பேர்ன் அணியை 14–6 என்று வென்று பென்ரித் தொடர்ந்து நான்காவது கிண்ணத்தையும் எடுத்தது. அதற்குப் பிறகு மாமா தன் வரிசையை மாற்றியிருக்கிறார்: காயமில்லாத ட்ரபோயெவிச் முதலில், எட்வர்ட்ஸ் இரண்டாவது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று மச்சான் கேட்கிறார். ட்ரபோயெவிச் காயமில்லாமல் முழுப் பருவமும் ஆடும் ஆண்டுகள் எத்தனை என்று நான் கேட்கிறேன். வாரா வாரம் வந்து நிற்பதும் திறமைதான், அதையும் கணக்கில் சேர்த்தால் எட்வர்ட்ஸுக்கு மேலே வைக்க எனக்கு ஒருவரும் தென்படவில்லை.