தொட்டிலில் படுத்த அரக்கன்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டிலிருந்து, கடலோரக் கல்தூண்களுக்குப் பேர்போன ஜயண்ட்ஸ் காஸ்வே போகும் வழியெல்லாம் வழிகாட்டி, அயர்லாந்துப் பழங்கதை அரக்கன் ஃபின் மெக்கூலின் கதையைத் தவணை முறையில் சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்காட்லாந்து அரக்கனோடு சண்டை போடக் கடலில் கல்பாதை போட்டவன் ஃபின். எதிராளியின் உருவத்தைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனான். மனைவிதான் கெட்டிக்காரி, அவனுக்குக் குழந்தை வேஷம் போட்டுத் தொட்டிலில் கிடத்தினாள். பிள்ளையே இந்த சைஸ் என்றால் அப்பன் எப்படி இருப்பான் என்று, வந்தவன் பாதையைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடிவிட்டான்.

சரி, அறிவியல்? சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கி விரிசல் விட்டதில் உண்டான தூண்கள், ஏறக்குறைய 40,000. பெரும்பாலும் அறுகோணம். நான் உட்கார்ந்த கல்லுக்கு ஐந்தே பக்கம். மூன்று தடவை எண்ணினேன். நடுவில் சின்னக் குழி, அதில் மழைத்தண்ணீர். ஜீன்ஸ் நனைந்த பிறகுதான் கவனித்தேன்.