பதினேழாம் நாள் அழைப்பு

மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன் என்றால், "ஆறுதல் சொல்வதற்கா சம்பளம்?" என்று வியாசர்பாடியில் எங்கள் தெருவில் இன்னும் சிலர் கேட்கிறார்கள். உண்மையில், இறப்பு நேர்ந்த முதல் நாட்களில் நாங்கள் ஆறுதலாகப் பேசுவது குறைவு. 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும், வாரிசுச் சான்றிதழுக்கும் விதவை உதவித்தொகைக்கும் எந்தத் தாள்களோடு எங்கே போக வேண்டும் என்பதையும், வெளி வேலைகளை எல்லாம் கணவரிடமே விட்டிருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று முறை பொறுமையாக எடுத்துச் சொல்வதே அப்போது பெரிய துணை. அதிர்ச்சியில் இருப்பவர் மனத்தில் முதல் முறை சொன்னது தங்குவதில்லை.

துக்கம், மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் ஐந்து படிநிலைகளில் கடந்துபோகும் என்று பலரும் எழுதுகிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றை முன்வைத்தது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான், "இன்னுமா ஏற்றுக்கொள்ளவில்லை?" என்று உற்றாரை அளக்க அது அளவுகோல் அன்று. காலையில் ரேஷன் கடை வரிசையில் சிரித்துப் பேசியவர், மாலையில் மகனின் சட்டையை முகர்ந்து அழுவது இயல்பே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் வீடு வெறிச்சோடுகிறது. (ஒப்பாரியும் அந்தக் கூட்டமும் செய்துவந்த வேலையை எங்கள் பாடநூல்கள் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் எண்ணம்.) ஆகவே பதினேழாம் நாள் அழைத்து, "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று தொடங்குவேன். தூக்கம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று பேச்சு நகரும்போது, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதையும் தயங்காமல் கேட்டுவிடுவேன். வருகிறது என்றால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதோடு, இரவு நேரத்துக்கு 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொல்வேன்.